மூணு ரூபாய், ஒரு துண்டுச்சீட்டு, 16 வயசு... வீட்டைவிட்டுப் போன ரமணரும், வழியில் நின்ற மனிதர்களும்!

அப்பா உயிரோடு இல்லை. அம்மா வேறு ஊரில். தங்கியிருப்பது சித்தப்பா வீட்டில். படிப்பில் மனசு இல்லை. எல்லோரும் தூங்கின பிறகு ஃப்ரெண்ட்ஸ் செட்டோடு வெளியே சுற்றிய பழக்கமும் உண்டு. கடைசியில் ஒருநாள், அண்ணனின் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்த பணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டு ரயில் ஏறுகிறான் 16 வயசுப் பையன்.

பெயரைச் சொல்லாமல் இந்த விவரங்களை மட்டும் இன்றைக்கு யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள். பையன் கெட்டுப்போகப் போகிறான் என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். ஆனால், அந்தப் பையனைத்தான் உலகம் பின்னாளில் ரமண மகரிஷி என்று அழைத்தது. திருவண்ணாமலை என்றதும் மலையும் கோயிலும் போல நினைவுக்கு வருகிற பெயர்.

அவருடைய ஆன்மிகத்தைப் பற்றி நூற்றுக்கணக்கான புத்தகங்கள் இருக்கின்றன. இங்கே நாம் பார்க்கப்போவது வேறு. வீடும் தெருவும் சேர்ந்து ஒரு பையனை என்ன செய்கின்றன என்ற கேள்வியோடு, அந்த 16 வயசு வெங்கட்ராமனின் கதையை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

கதவு திறந்தே இருந்த வீடு

1879 டிசம்பர் 30. இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் திருச்சுழியில் பிறந்தான் வெங்கட்ராமன். அப்பா சுந்தரமய்யர், அம்மா அழகம்மாள். அண்ணன் நாகசாமி, தம்பி நாகசுந்தரம், தங்கை அலமேலு.

சுந்தரமய்யர் சொந்தக் காலில் மேலே வந்தவர். கிராமக் கணக்கரிடம் மாசம் 2 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்து, மனு எழுதிக் கொடுத்து, பிறகு உள்ளூர்க் கோர்ட்டில் வாதாடும் வக்கீலானவர். வீட்டின் ஒரு பகுதியை ஊருக்கு வருகிற விருந்தாளிகளுக்காகவே ஒதுக்கி வைத்திருந்தார். யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. அந்த வட்டாரத்து வழிப்பறித் திருடர்கள்கூட அவர் என்று தெரிந்தால் தொடாமல் விட்டுவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

பையன் சுட்டி. சின்ன வயசில் அப்பாவின் பழைய கேஸ் கட்டுகளை எடுத்துக் கப்பல் செய்து தண்ணீரில் விட்டுவிட்டான். அப்பா திட்டினார். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஆளைக் காணோம். தேடிப்போனால், கோயிலில் அம்மன் சந்நிதியில் பதுங்கி உட்கார்ந்திருந்தான். கோபம் வந்தால் வீட்டைவிட்டுக் கோயிலுக்குப் போகிற வழி அப்போதே அவனுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றும் உண்டு. அந்தக் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒருவர் வீட்டைத் துறந்து போவார் என்ற பேச்சு இருந்தது. சுந்தரமய்யரின் சித்தப்பா முறை உறவினர் ஒருவர் காவி கட்டினார். அவருடைய சொந்த அண்ணனே யாத்திரை என்று கிளம்பிப் போய், திரும்பி வரவில்லை. பிள்ளைகள் காதில் விழுந்து வளர்கிற கதைகள் சாதாரணமானவை இல்லை. அடிதடியும் ஜெயிலும் வீரமாகப் பேசப்படுகிற வீட்டில் ஒரு பையனுக்கு ஒரு வழி தெரியும். துறவு பேசப்படுகிற வீட்டில் வேறொரு வழி தெரியும்.

12 வயசில் உடைந்த வீடு

1892 பிப்ரவரியில் சுந்தரமய்யர் இறந்தார். வெங்கட்ராமனுக்கு அப்போது 12 வயசு.

ஒரே சாவில் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. பெரிய பையன்கள் இருவரும் மதுரையில் சித்தப்பா சுப்பய்யர் வீட்டுக்குப் போனார்கள். அம்மா, சின்னவர்கள் இருவரோடு மானாமதுரையில் இன்னொரு சித்தப்பா நெல்லையப்பய்யரிடம் போனார். சின்ன ஊரில், எல்லோருக்கும் தெரிந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தவன், மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்துக்குப் பக்கத்தில் சொக்கப்ப நாயக்கன் தெருவில் ஒரு டவுன் பையன் ஆனான். முதலில் ஸ்காட் மிடில் ஸ்கூல், பிறகு அமெரிக்கன் மிஷன் ஹை ஸ்கூல்.

படிப்பு சுமார்தான். ஞாபகசக்தி நன்றாக இருந்ததால் ஒப்பேற்றினான். ஆர்வமெல்லாம் விளையாட்டில். ஃபுட்பால், மல்யுத்தம், நீச்சல். எந்த டீமில் இருந்தாலும் ஜெயித்துவிடுவதால் தங்கக்கை என்று பட்டப்பெயர்.

தூக்கம் மட்டும் கும்பகர்ணத் தூக்கம். முழிப்பில் அவன் மேல் கை வைக்கப் பயந்த பசங்க, தூங்கும்போது தூக்கிக்கொண்டு போய் அடித்துவிட்டு, திரும்பக் கொண்டுவந்து படுக்க வைத்துவிடுவார்களாம். அவனுக்கு மறுநாள் யாராவது சொன்னால்தான் தெரியும். அன்றைக்கு அதை விளையாட்டு என்றார்கள். இன்றைக்கு அதற்குப் பெயர் புல்லியிங்.

ராத்திரி கதை இன்னும் சுவாரஸ்யம். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, படுக்கையில் தலையணையை நீளமாக வைத்துப் போர்த்திவிட்டு, அண்ணனும் தம்பியும் நைசாக வெளியேறிவிடுவார்கள். செட்டோடு சேர்ந்து வைகை மணலில் விளையாட்டு. விடிவதற்கு முன் திரும்பி வந்து படுத்துக்கொள்வார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாது.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். அப்பா இல்லாத இரண்டு டீன்ஏஜ் பையன்கள், ராத்திரி 11 மணிக்கு மேல் ஆற்று மணலில், பெரியவர்கள் யாரும் பார்க்காத இடத்தில். அந்த செட்டில் குஸ்தியும் நீச்சலும்தான் இருந்தன. வேறு ஏதாவது இருந்திருந்தால்? அந்த வயசில் பையன் எங்கே போகிறான் என்பதைவிட, அங்கே அவனுக்கு முன்னாலேயே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

ஆகஸ்ட் 29, 1896

1896 ஜூலையில் சித்தப்பா வீட்டு மாடி அறையில் வெங்கட்ராமனுக்குத் திடீரென்று மரண பயம் வந்தது. உடம்பில் எந்த நோயும் இல்லை. செத்துப்போவது போலப் படுத்து, சாவது யார் என்று தனக்குள்ளேயே பார்த்தான். அதற்குப் பிறகு ஆள் மாறிவிட்டான். விளையாட்டு இல்லை, பேச்சு இல்லை, படிப்பு சுத்தமாக இல்லை. தினமும் மீனாட்சியம்மன் கோயிலில் போய்த் தனியாக நின்றான்.

இன்றைக்கு ஒரு டீன்ஏஜ் பிள்ளை இப்படி மாறினால் என்ன நடக்கும்? வீட்டில் திட்டு, ஸ்கூலில் இம்போசிஷன். அன்றைக்கும் அதேதான். ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதச் சொல்லித் தண்டனை. இரண்டு முறை எழுதியவன் நோட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் நாகசாமி குத்தலாக ஒரு வார்த்தை சொன்னார். இப்படி இருக்கிறவனுக்கு வீடும் படிப்பும் எதற்கு என்கிற அர்த்தத்தில்.

அது அவனுக்குச் சரி என்று பட்டது. ஸ்கூலில் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினான். அப்படியே தன் காலேஜ் ஃபீஸ் 5 ரூபாயையும் வாங்கிக் கட்டிவிடச் சொன்னார் அண்ணன். சித்தி எடுத்துக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுப் போனான். ஃபீஸ் கட்டவில்லை, யாரும் தேட வேண்டாம், பணம் செலவழிக்க வேண்டாம் என்பதுதான் சீட்டின் சாரம். கையெழுத்து போடவில்லை.

அதற்கு அடுத்த வருஷம்தான் இந்தியாவில் சிறுவர் சீர்திருத்தப் பள்ளிகளுக்கான 1897-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அது 15 வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும். 16 வயசுப் பையன் போலீஸில் சிக்கினால் அவனும் பெரிய ஆள்தான்.

மூன்று நாள், முகம் தெரியாத மனிதர்கள்

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த மூன்று நாள்கள்தான்.

பழைய மேப்பைப் பார்த்து, திண்டிவனம்தான் திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஸ்டேஷன் என்று நினைத்து, 2 ரூபாய் 13 அணாவுக்கு டிக்கெட் எடுத்தான். ரூபாய்க்கு 16 அணா. கையில் மிச்சம் 3 அணா. வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மௌல்வி, பையன் தனியாக வருவதைக் கவனித்துப் பேச்சுக் கொடுத்தார். விழுப்புரத்தில் மாறினால் திருவண்ணாமலைக்கே ரயில் இருக்கிறது என்று அவர்தான் சொன்னார். 

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை விழுப்புரம். பசி. ஒரு ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுக் காசு நீட்டினான். கையில் இருப்பதே இரண்டரை அணாதான் என்று தெரிந்ததும் ஹோட்டல்காரர் வாங்க மறுத்துவிட்டார். இருந்த காசுக்கு மாம்பழப்பட்டு வரைதான் டிக்கெட் கிடைத்தது. மீதி நடை.

சாயங்காலம் அறையணிநல்லூர் கோயில், பிறகு கீழூர் கோயில். பூஜை முடிந்ததும் அவனுக்குச் சாப்பாடு இல்லை என்றார்கள். அங்கே மேளம் வாசிக்கிறவர், தன் பங்குச் சோற்றை இந்தப் பையனுக்குக் கொடுக்கச் சொன்னார். தண்ணீர் கேட்டு நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தான். கண் திறந்தபோது சுற்றிலும் ஆட்கள். எழுந்து, சிதறிய சோற்றை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, அங்கேயே படுத்துத் தூங்கினான்.

மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டில் போய்ச் சோறு கேட்டான். அந்த வீட்டு அம்மா முன்னால் உட்காரவைத்துப் பரிமாறினார். காதில் கிடந்த தங்கக் கடுக்கனை அடகு வைத்துக்கொள்ளும்படி பாகவதரிடம் கொடுத்தான். 20 ரூபாய் பெறுமானம். பையன் கேட்டது 4 ரூபாய். அவர் அதைக் கொடுத்து, கடுக்கனை மீட்டுக்கொள்ள வசதியாகத் தன் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது அந்த அம்மா பலகாரப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தார்.

செப்டம்பர் 1, 1896 காலை. திருவண்ணாமலை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மௌல்வி, ஹோட்டல்காரர், மேளக்காரர், பாகவதர், பாகவதர் வீட்டு அம்மா. குறைந்தது ஐந்து பேர். யாருக்கும் அவன் யார் என்று தெரியாது. யாரும் அவனை ஏமாற்றவில்லை. கடுக்கனைப் பிடுங்கிக்கொண்டு விரட்டியிருக்கலாம். எங்கேயாவது வேலைக்குச் சேர்த்துவிட்டுக் கமிஷன் பார்த்திருக்கலாம். தனியாக வருகிற பையனிடம் இதைத்தான் செய்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவன் படித்த பிராமணக் குடும்பத்துப் பையன். 1896-இல் கோயிலுக்குள் போய்ப் படுக்கவும், அக்ரஹாரத்து வீட்டில் உட்கார்ந்து சாப்பிடவும் அவனால் முடிந்தது. அடகு வைக்கக் காதில் தங்கம் இருந்தது. அதே வயசில் ஒரு சேரிப் பையனோ, ஒரு பெண் பிள்ளையோ தனியாகக் கிளம்பியிருந்தால் அந்தக் கதவுகள் எத்தனை திறந்திருக்கும்?

கல் எறிந்த பசங்க, கம்பு எடுத்த பெரியவர்

திருவண்ணாமலை வந்ததும் மிச்சக் காசையும் பலகாரத்தையும் அய்யங்குளத்தில் போட்டான். தலையை மழித்துக்கொண்டு, வேட்டியைக் கிழித்துக் கோவணம் கட்டி, ஆயிரங்கால் மண்டபத்தில் போய் உட்கார்ந்தான். பேச்சு நின்றது. இனி அவனை அவர் என்று சொல்வதுதான் முறை. ஆனால், ஊர்ப் பசங்களுக்கு அந்த முறையெல்லாம் தெரியுமா?

தங்கள் வயசில் ஒருத்தன் கண்ணை மூடிச் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தால் பசங்களுக்குக் கை சும்மா இருக்காது. கல்லையும் ஓட்டாஞ்சில்லையும் எடுத்து எறிந்தார்கள். அந்தத் தொல்லை தாங்காமல்தான் அவர் மண்டபத்துக்குக் கீழே இருந்த பாதாள லிங்கக் குகைக்குள் இறங்கினார். வெயில் படாத இருட்டு. பூச்சிகள் தொடையைக் கடித்துப் புண்ணாக்கின. பசங்க அங்கேயும் விடவில்லை. உள்ளே போகப் பயந்துகொண்டு வாசலில் நின்று எறிந்தார்கள். ஊரில் ஏற்கெனவே இருந்த சேஷாத்ரி சுவாமிகள் காவல் நின்று பார்த்தார். ஆனால், முழுசாகத் தடுக்க முடியவில்லை.

ஒருநாள் அந்தப் பக்கம் வந்த வேங்கடாசல முதலியார் என்பவர் இதைப் பார்த்தார். ஒரு கம்பை ஒடித்துக்கொண்டு பசங்களைத் துரத்தினார். பிறகு சிலரைக் கூட்டிவந்து, உள்ளே இருந்தவரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்திலிருந்த முருகன் சந்நிதியில் விட்டார். தூக்கியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அந்தக் கோயில் முருகன் என்றால் அருணகிரிநாதர் ஞாபகம் வரும். அது வரலாறாக உறுதிப்படாத, ஊர் வழிவழியாகச் சொல்லும் கதை. ஊதாரியாகத் திரிந்த இளைஞன், தனியாளாக வளர்த்த அக்கா, மனசு உடைந்து கோபுரத்திலிருந்து குதித்தவனை முருகன் தாங்கிப் பிடித்தது. தடம் மாறிய பையன் ஒருவனைத் தாங்க யாராவது இருக்க வேண்டும் என்று இந்த ஊர் பல நூறு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

கல் எறிந்த பசங்களின் பெயர் எதிலும் இல்லை. அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள், பின்னாளில் என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால், அவர்களைத் தட்டிக்கேட்க அந்தத் தெருவில் ஒருவராவது இருந்தார்.

இதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. சிகாகோவில் கிளிஃபர்ட் ஷா, ஹென்றி மெக்கே இருவரும் 1942-இல் வெளியிட்ட ஆய்வில், சில ஏரியாக்களில் குடியிருக்கும் மக்கள் கூட்டமே மாறினாலும் சிறார் குற்றம் குறையாததைக் காட்டினார்கள். அப்படியானால் சிக்கல் அந்தப் பிள்ளைகளின் ரத்தத்தில் இல்லை, இடத்தின் நிலைமையில் இருக்கிறது. அதே நகரத்தில் 343 பகுதிகளில் 8,782 பேரிடம் பேசி, ராபர்ட் சாம்ப்சன் குழுவினர் 1997-இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். ஸ்கூலுக்குப் போகாமல் தெருமுனையில் நிற்கிற பிள்ளையைப் பார்த்தால் அக்கம்பக்கத்தார் கேட்பார்களா என்பது அதில் ஒரு கேள்வி. கேட்பார்கள் என்ற நம்பிக்கை இருந்த ஏரியாக்களில், அங்கே வறுமை இருந்தாலும்கூட, வன்முறை குறைவாக இருந்தது. வேங்கடாசல முதலியார் செய்ததும் அதுதான்.

தேடி வந்த குடும்பம்

மதுரையில் என்ன நடந்தது? அம்மா விடவில்லை. பையன் திருவனந்தபுரத்தில் ஒரு நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டான் என்று வதந்தி வந்ததும், அங்கேயே தேடப்போனார்கள். கிடைக்கவில்லை. 1898-இல்தான் திருவண்ணாமலையில் இருப்பது தெரிந்தது. நெல்லையப்பய்யர் வந்து கூப்பிட்டார். அசையவில்லை. அந்த டிசம்பரில் அம்மாவே நாகசாமியோடு பவழக்குன்றுக்கு வந்தார். நாள்கணக்கில் அழுதார். மகன் வாய் திறக்கவில்லை. நடப்பது விதிப்படிதான் நடக்கும் என்ற பொருளில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அம்மா தனியாகத் திரும்பினார். ஒரு தாயாக அந்தப் பயணத்தை நினைத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கும்.

குத்தலாகப் பேசிய அண்ணன் நாகசாமி 1900-இல் இறந்துபோனார். தம்பியோடு மறுபடி சேர்ந்து வாழ அவருக்கு நேரம் இல்லாமலே போனது.

1916-இல் அம்மா நிரந்தரமாக மலைக்கு வந்துவிட்டார். தம்பி நாகசுந்தரமும் வந்து சேர்ந்தார். அம்மா சமைத்தார். 1922 மே 19-இல் அம்மா இறந்தபோது மகன் பக்கத்திலேயே இருந்தார். அவருடைய சமாதி இருந்த இடத்தில்தான் இன்றைய ரமணாஸ்ரமம் வளர்ந்தது. அதை நிர்வகித்தவர் தம்பி. 1892-இல் உடைந்த வீட்டில் மிச்சம் இருந்தவர்கள் இங்கே ஒன்றுசேர்ந்தார்கள்.

மலையில் விருபாட்ச குகையில் இருந்த காலத்தில், ஊர்ப் பிள்ளைகள் ஏறி வந்து அவரோடு உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அவரும் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுவார். கல் எறி வாங்கியவர் எந்தப் பிள்ளையையும் விரட்டவில்லை.

1924 ஜூன் 26 ராத்திரி ஆஸ்ரமத்தில் திருடர்கள் புகுந்தார்கள். அங்கே பெரிதாக எதுவும் இல்லை. ஆத்திரத்தில் எல்லோரையும் அடித்தார்கள். ரமணருக்கும் தொடையில் அடி. திருப்பி அடிக்கக் கிளம்பிய சீடரை அவர் தடுத்துவிட்டார். பிறகு போலீஸ் பிடித்தது, தண்டனையும் கிடைத்தது. சட்டம் தன் வேலையைச் செய்தது. வன்மத்தை அவர் வளர்க்கவில்லை.

1950 ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு அவர் காலமானார்.

இன்றைக்கு ஒரு வெங்கட்ராமன் வந்தால்?

பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கில் கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள் வீட்டில் சொல்லாமல் வந்த ஒரு பையன் காணாமல் போவது ரொம்பச் சுலபம். ஊரில் அன்னதானம் இருக்கிறது, படுக்க இடமும் கிடைக்கும். அவனைக் கவனிக்கிற முதல் ஆள் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சட்டம் இப்போது எவ்வளவோ மாறிவிட்டது. 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படி 18 வயசுக்குக் கீழே உள்ள எல்லோரும் குழந்தைகள்தான். வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளை குற்றவாளி இல்லை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற குழந்தை. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுமத்தின் முன் கொண்டுபோக வேண்டும். சின்னக் குற்றத்தில் சிக்கினாலும், போலீஸ் முதலில் அந்தப் பிள்ளையின் சமூகப் பின்னணி அறிக்கையைத் தயாரிக்க வேண்டும். வீட்டில் யார் இருக்கிறார்கள், ஃப்ரெண்ட்ஸ் யார், படிப்பு ஏன் நின்றது என்றெல்லாம் அதில் கேட்கிறார்கள். செய்ததை மட்டும் பார்க்காமல், எங்கிருந்து வந்தான் என்று சட்டமே பார்க்கச் சொல்கிறது.

ஆனால், அந்த அறிக்கை எழுதப்படுவதற்கு முன்னால் சில மணி நேரம் இருக்கிறது. ஸ்டேஷன் பெஞ்ச், பஸ் ஸ்டாண்ட், டீக்கடை. அங்கே அதிகாரி யாரும் இருக்க மாட்டார். நீங்களும் நானும்தான் இருப்போம். 

தனியாக, பையோடு, எங்கே போவதென்று தெரியாமல் நிற்கிற பிள்ளையைப் பார்த்தால் ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட வேண்டாம். பிள்ளையின் முகத்தை வெளியிடுவது சட்டப்படியும் தப்பு. திட்டி விரட்டவும் வேண்டாம். முதலில் சாப்பிட்டியா தம்பி என்று கேளுங்கள். அப்புறம் 1098-க்கு அடியுங்கள். காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஆள் வரும் வரை பக்கத்திலேயே இருங்கள்.

வீட்டைவிட்டுப் போகிற எல்லாப் பிள்ளையும் மகரிஷி ஆவதில்லை. ஆகவும் வேண்டாம். பத்திரமாக இருந்தால் போதும்.